கேட்டாச்சு தம்பி

போதகர் ஐயா, நீங்கள் பொய் சொன்னீர்கள். பெட்டிக்குள் கிடந்த ஒரு மனிசியைப் பற்றி, அவர் எழும்பி மறுத்துப் பேச மாட்டார் என்ற தைரியத்தில், மைக்கைப் பிடித்துக்கொண்டு பொய் சொன்னீர்கள். “இந்தச் சகோதரி மருந்தை நம்பினார். ஆண்டவரை முழுமையாக நம்பியிருந்தால் இன்றைக்கு இந்தப் பெட்டி இங்கே இருந்திருக்காது” என்றீர்கள். ஊரே கேட்டது.

நான் சாவீட்டுத் தறப்பாள் பந்தலுக்கு வெளியே மாமரத்தடியில் நின்றேன். நான் உங்கள் சபைக்காரன் இல்லை. சைவக்காரன், அதுவும் கோயில் திருவிழாவுக்குக் கச்சான் கடலை வாங்க மட்டும் போகிற சைவக்காரன். நான் வாயைத் திறக்கப் போவதைக் கண்டு, சாவீட்டில் சண்டை வேண்டாம் என்று என் மனைவி கையைப் பிடித்தாள். அன்றைக்கு அடங்கினேன். இப்போது அடங்க முடியாது.

ஏனென்றால் உங்கள் பேச்சை முன்வரிசையில் இருந்து ஒரு பெண் கேட்டாள். உங்கள் சபைப் பெண். அவளுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு. அதற்குத் தினமும் மருந்துக் குளிசை போடுகிறவள். அவளுடைய பிழைப்பு களப்பில். இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கையால் தடவித் தடவி இறால் பிடிக்கிறாள். அடக்கம் முடிந்து வீட்டுக்குப் போனதும் குளிசையை நிறுத்திவிட்டாள். இனி விசுவாசம் மட்டும் போதுமாம். தண்ணீரில் நிற்கும்போது வலிப்பு வந்தால் என்ன நடக்கும் என்று உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை.

அதனால்தான் அந்தப் பெட்டிக்குள் கிடந்த அக்காவைப் பற்றி எழுதுகிறேன். அழுது புகழ்வதற்காக அல்ல. அவர் எப்படிச் செபித்தார் என்பது உங்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும் என்பதற்காக.

படுவான்கரையில், வவுணதீவுப் பக்கம், எனக்கு மோட்டார் சைக்கிளும் உழவு மெசினும் திருத்துகிற கடை இருக்கிறது. கடைக்கும் அக்காவின் குசினிக்கும் நடுவே ஒரு தகர வேலி. அக்கா அரிசி ஆலைக்காரருக்கும் வயல் வட்டையில் வேலை செய்கிறவர்களுக்கும் சோற்றுப் பார்சல் கட்டி விற்றவர். நான் விடியக் கடை திறக்கும்போது அந்தப் பக்கம் அடுப்பு புகையும். கட்டையான ஆள், பெரிய பாதம், எப்போதும் பூப்போட்ட சட்டை, ஞாயிற்றுக்கிழமை மட்டும் வெள்ளைச் சேலை. நடந்தால் தகரம் அதிரும் என்று நான் பகிடி பண்ணுவேன். அவருக்குக் கோபம் வராது. “உன்ட மெசின விடவா தம்பி?” என்று கேட்பார்.

காலையில் அவர் செய்கிற வேலைக்கு ஒரு ஒழுங்கு உண்டு. முதலில் முகம் கழுவுவார். பிறகு வேதத்தில் ஒரு பகுதியை விரலால் தொட்டுத் தொட்டுச் சத்தமாக வாசிப்பார். பிறகு அரிசி அரிப்பார். உலையில் போடுவதற்கு முன்னால் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து, யாராவது ஒருவருடைய பெயரைச் சொல்லி, அந்த ஆளுக்கு என்ன வேண்டுமோ அதை ஆண்டவரிடம் கேட்டு, பக்கத்தில் இருக்கிற பழைய மாவுத் தகரப் பேணிக்குள் போட்டு மூடுவார். உங்கள் சபையில் இதைப் பிடியரிசி என்பார்கள். அரித்த அரிசி நனைந்திருக்கும் என்பதால் வெயில் ஏறியதும் அந்தப் பிடியைச் சுளகில் கொட்டிக் காயவைத்து எடுப்பார். ஞாயிற்றுக்கிழமை பேணியோடு உங்கள் சபைக் கோயிலுக்குக் கொண்டுபோவார். மற்றப் பெண்களும் பிடியரிசி எடுக்கிறார்கள். ஆனால் பெயர் சொல்லி எடுத்தவர் அக்கா ஒருவர்தான்.

செபம் என்றால் நீங்கள் செய்கிற மாதிரி இல்லை. அழுகை இல்லை, தொண்டை கிழிவது இல்லை. கடைக்காரனிடம் சாமான் சொல்லுகிற மாதிரிச் சொல்லுவார். “ஆண்டவரே, ஆலையில மூட்டை தூக்கிறவருக்கு முதுகு நோகுது. சுகமாக்கும். நன்றி, ஆமென்.” அவ்வளவுதான். பேணி மூடுகிற சத்தம் கேட்கும். உலை கொதிக்கத் தொடங்கும்.

கடை போட்ட புதிதில் எனக்கு அது எரிச்சல். ஒருநாள் வேலிக்கு மேலால் கேட்டேன், உங்கட ஆண்டவருக்குக் காது கேக்காதா, ஏன் இப்படிச் சத்தமாச் சொல்றீங்க என்று.

“அவருக்குக் கேக்கும் தம்பி. எனக்குக் கேக்கத்தான் சத்தமாச் சொல்றன். என்ன கேட்டனான் எண்டு நான் மறந்திரக் கூடாது” என்றார்.

அவரிடம் இருந்த ஒரு பழக்கத்தை நான் மெல்ல மெல்லத்தான் கவனித்தேன். ஒரு ஆளுக்காக ஒரு விசயத்தை ஒருமுறைதான் கேட்பார். இரண்டாம் முறை கேட்டதே இல்லை. அந்த மூட்டை தூக்குகிறவருக்கு முதுகு அடுத்த நாளும் நொந்தது. அதற்கு அடுத்த நாளும் நொந்தது. அக்கா அவருக்கு எண்ணெய் காய்ச்சிக் கொடுத்தார், பார்சலை ஆலைக்கே கொண்டுபோய்க் கொடுத்தார், மூட்டையைக் குறைக்கச் சொல்லி முதலாளியோடு வாக்குவாதப்பட்டார். ஆனால் ஆண்டவரிடம் அதைத் திரும்பக் கேட்கவில்லை.

வெள்ளம் வந்த முறை எல்லோரும் இதைக் கண்டார்கள். உன்னிச்சைக் குளத்தின் கதவு திறந்து, வட்டை எல்லாம் கடல் மாதிரி ஆகி, நாங்கள் பள்ளிக்கூடத்தில் போய்க் கிடந்தோம். வகுப்பறை ஒன்றில் சபைப் பெண்கள் வட்டமாக இருந்து அழுது செபித்தார்கள். அக்கா அவர்களோடு முழங்காலில் நின்றார், தன்னுடைய பங்கைச் சொன்னார், எழும்பிப் போய்ப் பொதுச் சமையலுக்கு வெங்காயம் உரிக்கத் தொடங்கினார். செபத்தை நடத்திக்கொண்டிருந்த பெண் வாசலுக்கு வந்து, என்னகா, ஊரே அழுவுது, நீ செபிக்கல்லியா என்று கேட்டாள்.

“செபிச்சிட்டன். இப்ப வெங்காயம்” என்றார் அக்கா.

நாங்கள் சிரித்தோம். அந்த நேரத்தில் சிரிப்பு வந்தது எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம்.

தண்ணீர் வற்றித் திரும்பிப் போனபோது அக்காவின் குசினிச் சுவர் ஒன்று விழுந்து கிடந்தது. அதைக் கண்டதும் எனக்குள் இருந்த பிசாசு எழும்பியது. அக்கா, உங்கட செபத்துக்கு என்ன நடந்தது என்று கேட்டேன். அவர் கல்லைப் பொறுக்கிக்கொண்டே சொன்னார், தான் ஆட்களுக்குத்தான் கேட்டதாகவும் சுவருக்குக் கேட்கவில்லை என்றும். எங்கள் பக்கத்தில் அந்த வெள்ளத்தில் ஒரு உயிரும் போகவில்லை. அது செபத்தாலா, படகோடு வந்தவர்களாலா என்று நான் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். அக்காவும் சொல்லவில்லை. படகோடு வந்த பொடியன்களுக்குப் பேர் பேராகப் பிடியரிசி எடுத்தார். அதுவும் நன்றிக்கு. கேட்பதற்கு அல்ல.

இனி என்னுடைய கதை. என் மகளுக்கு டெங்கு வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் பெரிய ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவில் போட்டார்கள். இரத்தத்தில் ஏதோ குறைகிறது, குறைகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். உடுப்பு எடுக்க வீட்டுக்கு வந்தவன், வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா, பிள்ளைக்காகச் செபியுங்க என்றேன். வாழ்க்கையில் ஒருவரிடமும் நான் அப்படிக் கேட்டதில்லை.

அக்கா அரிசி அரித்துக்கொண்டிருந்தார். ஒரு பிடி எடுத்தார். மகளுடைய பெயரைச் சொன்னார். “ஆண்டவரே, இந்தப் பிள்ளைய வீட்ட கொண்டு வாரும். பாக்கிற டாக்டர்மாருக்கும் நேர்ஸ் மிஸ்மாருக்கும் நித்திரை வராமக் காரும். நன்றி, ஆமென்.” பேணியை மூடினார்.

அவ்வளவுதானா என்று கத்தினேன். எனக்கு அவர் அழ வேண்டும், நிலத்தில் விழுந்து புரள வேண்டும் என்று இருந்தது. மறுநாள் காலை ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவந்து, இன்னும் ஒண்டும் மாறல்ல, இன்னொருக்காக் கேளுங்க என்று கெஞ்சினேன்.

“கேட்டாச்சு தம்பி” என்றார். “திருப்பிக் கேட்டா, நேத்துக் கேட்டது அவருக்குப் போய்ச் சேரல்ல எண்டு நானே சொல்ற மாதிரி. அது சேர்ந்திட்டு. இப்ப நீ சாப்பிடு.”

எனக்கு வந்த கோபத்துக்கு வேலியைப் பிடுங்கியிருப்பேன். ஆனால் அவர் அன்றைக்கு ஆலைக்குப் பார்சல் கட்டவில்லை. ஒரு பெரிய பிளாஸ்கில் கஞ்சி எடுத்துக்கொண்டு என்னோடு மோட்டார் சைக்கிளில் ஏறி, வலையிறவுப் பாலம் தாண்டி ஆஸ்பத்திரிக்கு வந்தார். வார்ட்டுக்கு வெளியே வாங்குப் பலகையில் குந்தினார். என் மனைவியைப் படுக்க வைத்தார். பக்கத்தில் அழுதுகொண்டிருந்த காத்தான்குடி முஸ்லிம் உம்மா ஒருவருக்கும் கஞ்சி ஊற்றிக் கொடுத்தார். மகள் வீட்டுக்கு வரும் வரையில் அந்த வாங்கு அவருடையதாக இருந்தது. ஆண்டவரிடம் ஒரு வார்த்தை திரும்பக் கேட்டதை நான் காணவில்லை. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டுதான் நான் நிமிர்ந்து நின்றேன். ஒரு கடிதத்தைப் போட்டுவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிற முகம் அது. வருமா வராதா என்ற கேள்வி அதில் இல்லை.

மகளை டாக்டர்மார் காப்பாற்றினார்கள். அக்காவிடம் அப்படித்தான் சொன்னேன். ஓம், அவங்களுக்கும் சேர்த்துத்தானே கேட்டனான் என்றார்.

இதெல்லாம் நல்லபடி முடிந்த கதைகள். முடியாத ஒன்றும் இருக்கிறது. அக்காவின் புருசன் சண்டைக் காலத்தில் விறகுக்கென்று காட்டுக்குப் போனவர். ஆளும் வரவில்லை, சைக்கிளும் வரவில்லை. ஒவ்வொரு நாள் காலையும் எல்லாச் செபமும் முடிந்த பிறகு, கடைசியாக ஒரு வரி சொல்லுவார். “அவருக்கு நான் கேட்டது உமக்குத் தெரியும்.” அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. ஆமென் கூட இல்லை. அந்த வரியைக் கேட்கும்போது கையில் இருக்கிற நட்டுக் கழற்றுகிற சாவியை நான் கீழே வைத்துவிடுவேன். ஏன் என்று தெரியாது. பயம் என்று சொன்னாலும் சரி. இத்தனை வருசமாக ஒரு மனிசி ஒரே கேள்வியோடு, ஆனால் அதைத் திரும்பக் கேட்காமல் இருக்கிறாரே! என்னால் ஒரு உதிரிப்பாகத்துக்குக் கொழும்புக்குப் போன் எடுத்துவிட்டு அரை மணித்தியாலம் சும்மா இருக்க முடியாது.

ஒருமுறை துணிந்து கேட்டேன், பதில் வரல்லியே அக்கா என்று.

“இல்லை எண்டும் வரல்லியே” என்றார். பிறகு தேங்காய் துருவத் தொடங்கினார்.

போதகர் ஐயா, இப்படிப்பட்ட ஆளைத்தான் நீங்கள் விசுவாசம் இல்லாதவர் என்றீர்கள்.

அவருக்கு மார்பில் கட்டி வந்தது. மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தார், பிறகு இங்கே கிளினிக் நாளில் தவறாமல் போனார். தலைமுடி கொட்டியது. துண்டு கட்டிக்கொண்டு பார்சல் கட்டினார். அந்த நாட்களில்தான் நீங்கள் எங்கள் பக்கம் மாற்றலாகி வந்தீர்கள். பந்தல் போட்டு, பெட்டி பெட்டியாக ஸ்பீக்கர் வைத்துச் சுகமளிக்கும் கூட்டம் நடத்தினீர்கள். சுகம் வேண்டியவர்கள் முன்னுக்கு வாருங்கள் என்று கூப்பிட்டீர்கள். ஆட்கள் ஓடினார்கள். அக்கா கதிரையில் இருந்தார். தலையில் துண்டு கட்டிய சகோதரி, ஏன் தயங்குகிறீர்கள் என்று மைக்கிலேயே கேட்டீர்கள். சனம் முழுக்கத் திரும்பிப் பார்த்தது.

அக்கா எழும்பி நின்று சொன்னது எனக்கு ரோட்டில் நின்றும் கேட்டது.

“நான் கேட்டிட்டன் ஐயா. நீங்க மத்த ஆக்களுக்குச் செபியுங்க.”

சனம் சிரித்தது. உங்கள் முகம் கறுத்தது. அவர் உங்களை அவமதித்ததாக எடுத்துக்கொண்டீர்கள். ஒருமுறை கேட்டால் அது போய்ச் சேர்ந்துவிட்டது என்று நம்புகிற ஒருத்தி எதற்காக உங்களிடம் வந்து வரிசையில் நிற்க வேண்டும் என்று நீங்கள் யோசிக்கவில்லை. அவருடைய நம்பிக்கையின் உச்சியைப் பார்த்துவிட்டு அதை நம்பிக்கையில்லாமை என்று வாசித்தீர்கள்.

பிறகு அக்காவின் வீட்டுக்கு வந்தீர்கள். நான் அப்போது வேலிக்கு இந்தப் பக்கம் மெசின் ஒன்றின் அடியில் கிடந்தேன். மருந்தை விட்டுவிட்டு விசுவாசத்தில் நில்லுங்கள் என்றீர்கள். அக்கா உங்களுக்குத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வைத்துவிட்டு, உங்கள் முன்னாலேயே தன்னுடைய குளிசையை உள்ளங்கையில் எடுத்தார். “ஆண்டவரே, இந்தக் குளிசைக்கு நன்றி. இதச் செஞ்ச கையளுக்கு நன்றி. ஆமென்.” தண்ணீர் குடிக்கிற சத்தம் கேட்டது. “சோத்துக்கும் செபிச்சித்தானே ஐயா சாப்பிடுறம்” என்றார். நீங்கள் தேத்தண்ணி குடிக்காமல் போனீர்கள்.

அந்தக் குளிசைச் செபம் உங்களுக்காகச் செய்து காட்டியது அல்ல. அந்த இறால் பிடிக்கிற பெண்ணோடு சேர்ந்து அவர் தினமும் செய்தது. தண்ணீரில் இறங்க முதல் அவள் அக்காவின் குசினிக்கு வருவாள். இரண்டு பேரும் ஆளுக்கொரு குளிசையைக் கையில் வைத்து அதே செபத்தைச் சொல்லி, ஒரே செம்பில் தண்ணீர் குடிப்பார்கள். அந்தப் பழக்கத்தைத்தான் நீங்கள் பெட்டிக்கு முன்னால் நின்று உடைத்தீர்கள்.

இப்போது பெரிய பொய்க்கு வருகிறேன். அக்கா சுகத்துக்குச் செபித்தார், விசுவாசக் குறையால் அது கிடைக்கவில்லை என்பதுதான் உங்கள் பேச்சின் அர்த்தம். அவர் என்ன கேட்டார் என்று உங்களுக்கு யார் சொன்னது? கட்டி என்று டாக்டர் சொன்னதற்கு மறுநாள் காலை, அக்கா தன்னுடைய பெயரைச் சொல்லி ஒரு பிடி எடுத்தார். நான் அறிய, தனக்கென்று எடுத்த ஒரே பிடி அதுதான். நான் கடைக் கதவைத் திறந்த கையோடு நின்றேன். சுகம் கேட்பார், உயிர் கேட்பார் என்று காத்திருந்தேன். அவர் வழக்கம்போலச் சத்தமாகத்தான் சொன்னார்.

“ஆண்டவரே, என்னப் பயப்படாம வெச்சிரும். கடைசி வரைக்கும் என்ட சோத்த நானே வடிக்கோணும். நன்றி, ஆமென்.”

பேணி மூடுகிற சத்தம் கேட்டது.

அவர் கேட்டது அவ்வளவுதான். கேட்டது கிடைத்ததா என்றால், அதற்கும் நான்தான் சாட்சி. எலும்பு மட்டும் மிஞ்சின நாட்களிலும் அவர் பயந்து நான் காணவில்லை. என் மனைவி சமைத்துத் தருகிறேன் என்றால் கறியை மட்டும் வாங்கிக்கொள்வார், சோறு தன்னுடையது என்பார். பார்சல் நின்ற பிறகும் தனக்கென்று ஒரு சுண்டு அளவு அரிசி உலையில் போடுவார். உயிர் போன அன்றைக்கும் வேதம் வாசித்தார், பிடி எடுத்தார், புருசனுக்குச் சொல்கிற அந்த ஒரு வரியைச் சொன்னார். சோறு வடிந்து, பானை கவிழ்த்தபடி இருந்தது. சுவரில் சாய்ந்து இருந்தவர் அப்படியே போய்விட்டார். என் மனைவி போய்த் தொட்டபோது பானையில் சூடு இருந்தது. அன்றைக்கு எடுத்த பிடியரிசி முற்றத்துச் சுளகில் காய்ந்துகொண்டிருந்தது. அது அந்த இறால் பிடிக்கிற பெண்ணுடைய பெயருக்கு எடுத்தது. “தண்ணிக்குள்ள அவளக் காரும்” என்று கேட்டது என் காதிலேயே விழுந்தது.

நான் எந்தக் கடவுளையும் பெரிதாக எண்ணாதவன். ஆனால் அந்தப் பானைக்கு முன்னால் நான் செருப்பைக் கழற்றினேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் போய்ச் சொன்னேன். களப்புக் கரையில் வைத்துச் சொன்னேன். அவள் காலில் சேற்றோடு நின்று கேட்டாள். “அண்ணன், நீங்க சைவம். உங்களுக்கு எங்கட காரியம் விளங்காது. போதகர் வாயால சொன்னாப் போடுறன்” என்றாள். சொல்லிவிட்டுத் தண்ணீரில் இறங்கினாள். அன்றிலிருந்து என் மனைவி வேலைக்குப் போகாமல் கரையில் குந்தியிருந்து அவளையே பார்த்துக்கொண்டிருக்கிறாள். எத்தனை நாளைக்குப் பார்க்க முடியும்?

ஆகவே போதகர் ஐயா, இது உங்களுக்கு. தனியாகச் சந்தித்துக் கதைப்போம் என்று ஆள் அனுப்ப வேண்டாம். நீங்கள் ஊருக்கு முன்னால் சொன்னதை ஊருக்கு முன்னாலேயே திருத்துங்கள். வருகிற ஞாயிறு ஆராதனையில், அதே மைக்கில், அக்கா ஆண்டவரிடம் என்ன கேட்டார் என்று உங்களுக்குத் தெரிந்திருந்ததா, இல்லையா என்று சொல்லுங்கள். குளிசைக்கு நன்றி சொல்லிக் குடிப்பது அவிசுவாசமா, இல்லையா என்று அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்துச் சொல்லுங்கள்.

நான் வருவேன். முன்வாங்கில் இருப்பேன். என் மனைவி அவளைக் கூட்டிக்கொண்டு வருவாள். அவளுடைய குளிசை என் சட்டைப் பையில் இருக்கும், அக்காவின் செம்பில் தண்ணீரும் இருக்கும். நீங்கள் சொல்லி முடித்ததும் அவள் அங்கேயே குடிக்கட்டும்.

கேட்டாச்சு. திரும்பக் கேட்க மாட்டேன்.